காப்பிக்கும் மரியாதை: கொரிய விகுதிகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

எம்.ஏ. தமிழில் நான் உருப்போட்ட விகுதி திணை, பால், எண், இடம் காட்டுவது. கொரிய வினைமுற்று இவற்றைக் காட்டுவதில்லை. ஆனால் பேச்சில் அது ஒன்றைக் காட்டியே தீரும்: பேசுகிறவர் கேட்கிறவரை எந்த இடத்தில் வைக்கிறார் என்பதை.

'கா' என்றால் போதல். நெருங்கிய நண்பனிடம் 'கா' போதும். மரியாதைக்கு 'காயோ'. ராணுவம், மேடை, செய்தி வாசிப்பு என்றால் 'காம்னிதா'. இவை கேட்பவரை நோக்கியவை. செயலைச் செய்பவரை உயர்த்த வேண்டுமானால் நடுவில் 'சி' நுழையும்: 'காசிம்னிதா'. நம்ம பேச்சில் 'அப்பா போறாருங்க' என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். 'ஆரு' அப்பாவுக்கு, 'ங்க' கேட்கிறவருக்கு.

வேறுபாடும் உண்டு. 'ங்க'வை விட்டுவிட்டாலும் நம் வாக்கியம் பல சமயம் சாதாரணமாகவே நிற்கும். கொரிய மொழியில் அப்படி விடுவதே ஒரு நிலைப்பாடு. அதன் பெயர் 'பன்மல்'. முன்பின் தெரியாதவரிடம் பன்மல் பேசினால் சண்டைதான். நாளிதழும் நாவலும் 'தா' என முடியும் எழுத்துநடையில் இதிலிருந்து தப்பித்துக்கொள்கின்றன. எதிரே ஆள் நிற்கும்போது அந்த வசதி கிடையாது.

இந்தச் 'சி'க்குச் சந்தையில் என்ன நேர்ந்தது என்பதுதான் என் அக்கறை. காப்பிக் கடைகளில் பணியாளர்கள் 'கொப்பி நாஓஷ்யொஸ்ஸும்னிதா' என்கிறார்கள். 'ஷ்யொ'வுக்குள் 'சி' ஒளிந்திருக்கிறது. தமிழில் சொன்னால், 'காப்பி வந்துட்டாருங்க'! கொரிய தேசிய மொழி நிறுவனம் இதைப் பிழை என்கிறது. இலக்கணப்படி சரிதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இலக்கணம் தெரியாமலா இருக்கும்? மரியாதை குறைந்தது என்று வாடிக்கையாளர் கத்துவதைவிடக் காப்பியைக் கும்பிட்டுவிடுவது அவளுக்குப் பாதுகாப்பு. காசு கொடுத்தவருக்குச் சேர வேண்டிய பணிவு அவர் வாங்கிய பண்டத்தின்மீதும் வழிகிறது.

வாடிக்கையாளரின் வசவிலிருந்து இத்தகைய ஊழியர்களைக் காக்கும் சட்டத் திருத்தம் 2018 அக்டோபரில் அங்கே நடைமுறைக்கு வந்தது. அதற்கும் முன்பே, 2000இல், சிஜே நிறுவனம் பதவிப் பெயர்களை விலக்கி எல்லோர் பெயரோடும் 'நிம்' என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்து அழைக்கச் சொன்னது. அழைப்பு சமமாகிவிட்டது, சரி. வாக்கியத்தை முடிக்கும்போது யார் 'காம்னிதா' என்கிறார், யார் வெறும் 'கா'வோடு நிறுத்திக்கொள்கிறார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அதிகாரம் பெயரை விட்டிறங்கி வினையின் வாலில் உட்கார்ந்துகொள்ளும்.

நம் 'ங்க' யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, யாருக்குத் திரும்பி வருவதேயில்லை என்பதையும் இதே காதோடு கேட்கலாம்.