தலைகீழாய் ஒரு துலிப்
செலிமியே பள்ளிவாசல், எதிர்னே

கிரேக்க, பல்கேரிய எல்லைகளை ஒட்டிய துருக்கி நகரம் எதிர்னே. 1453இல் இஸ்தான்புல் கைக்கு வரும்வரை உதுமானியரின் தலைநகரம் இதுதான். அந்தப் பட்டம் போய் நூறாண்டுக்கு மேல் ஆனபின்பே ஊரின் தலைசிறந்த கட்டடம் எழுந்தது.

சுல்தான் இரண்டாம் செலிமுக்காக 1568இல் பணியைத் தொடங்கியபோது கட்டடக் கலைஞர் சினானுக்கு எண்பதை ஒட்டிய வயது. 1575இல் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. பார்க்கச் சுல்தான் உயிரோடு இல்லை. சுமார் 31 மீட்டர் அகலமுள்ள குவிமாடத்தை எட்டே தூண்கள் தாங்குகின்றன.

அண்ணாந்து பார்த்தது போதும், இனிக் குனியுங்கள். குவிமாடத்துக்கு நேர் கீழே மோதினார் மேடை. அதன் பளிங்குக் கால் ஒன்றில் சிறியதாக ஒரு துலிப் பூ, தலைகீழாக. இங்கே துலிப் தோட்டம் வைத்திருந்தவர் நிலத்தை விற்க முரண்டு பிடித்தாராம். அந்த முரண்டைத்தான் சினான் கவிழ்த்துச் செதுக்கினார் என்கிறது ஊர்க்கதை. உறுதியான சான்று இல்லை. வழிகாட்டிகள் விடுவதாகவும் இல்லை.

துன்ஜா ஆற்றங்கரையில், 1488இல் கட்டி முடிந்த இரண்டாம் பாயசீத் மருத்துவமனையையும் பார்த்துவிட்டுப் போங்கள். மனநோயாளிகளுக்கு அங்கே இசையும் நீரோசையும் மருந்தாயின. இன்று அது அருங்காட்சியகம்.

பூவைத் தேடிப் பாருங்கள், தொட வேண்டாம்.