வண்ணம் படிந்த வெள்ளி நாணயமும் அதன் விலையும்

வெள்ளிப் பாத்திரம் கறுத்தாற் புளியிட்டோ திருநீறு கொண்டோ துலக்கி அதன் வெண்மையை மீட்பது நம் இல்லங்களில் வழிவழி வந்த வழக்கம். கறுத்த செம்பைக் கண்டு மகிழ்வாரும், அக்கறுப்புக்கெனக் கூடுதல் விலை கொடுப்பாரும் நம்மிடை இலர். ஆயின் நாணயங்களைத் தேடிச் சேர்ப்போர் உலகில், சிறப்பாக அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நிலைமை வேறு. வெள்ளியின் கறை முற்றிக் கருமையாவதற்கு முன், பொன்மஞ்சளும் ஊதாவும் நீலமும் பசுமையுமாக வானவில்போற் பொலியும் ஒரு பருவம் உண்டு. அப்பருவத்திலுள்ள வெள்ளி டொலரொன்று, அதே ஆண்டில் அதே நாணயச்சாலையில் அடிக்கப்பெற்று வெண்மை மாறாதிருக்கும் மற்றொரு டொலரிலும் பன்மடங்கு விலைக்கு ஏலத்திற் போவதுண்டு.

இவ்விலை தக்கதுதானா? கறைக்குக் காசு கொடுப்பது அறிவுடைமையா, அன்றி மயக்கமா? இவ்வினா பொழுதுபோக்கிற்குரியது போலத் தோன்றினும், உழைத்துத் தேடிய பொருளை இத்துறையில் இடுவார்க்கு அது விளையாட்டன்று. ஆதலின் அதனை அடிப்படையிலிருந்து ஆராய்வாம்.

வெள்ளி, இரும்பைப்போலத் துருப்பிடிப்பதன்று. அதன் பகை கந்தகம். காற்றில் மிகச் சிறிதளவிற் கலந்திருக்கும் ஐதரசன் சல்பைட்டு முதலிய கந்தகச் சேர்வைகள் வெள்ளியின் மேற்பரப்பைத் தாக்கி, வெள்ளிச் சல்பைட்டு என்னும் படலத்தை உண்டாக்குகின்றன. காகிதம், மட்டை, துணி, இறப்பர் ஆகியவற்றிலும் கந்தகம் கலந்திருப்பதுண்டு. ஆகவே நாணயத்தைக் காப்பதற்கென இட்ட உறையே அதற்கு நிறமூட்டும் கருவியாதலுங் கூடும். வெப்பமும் ஈரமும் இவ்வினையை விரைவுபடுத்தும்.

வெள்ளிச் சல்பைட்டு இயல்பிற் கருநிறமுடையது. அங்ஙனமாயின் வானவில் எங்கிருந்து வந்தது? சவர்க்காரக் குமிழியிலும், மழை பெய்த வீதியில் நீர்மேற் படர்ந்த எண்ணெயிலும் நாம் காணும் நிறங்களுக்கு எது காரணமோ அதுவே இதற்குங் காரணம். படலத்தின் மேற்புறத்திலிருந்து மீளும் ஒளியலையும், படலத்தை ஊடுருவிச் சென்று அடியிலுள்ள வெள்ளியிற் பட்டு மீளும் ஒளியலையும் ஒன்றோடொன்று கூடுமிடத்துச் சில நிறங்கள் வலுப்பெறுகின்றன, சில தேய்ந்தொழிகின்றன. பௌதிக நூலார் இதனை ஒளியலைத் தலையீடு என்பர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோமஸ் யங் என்னும் ஆங்கில அறிஞர் இதன் தன்மையை விளக்கினார். எந்நிறம் தோன்றும் என்பது படலத்தின் தடிப்பைப் பொறுத்தது. அத்தடிப்போ ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரங் கூறாக்கினால் வரும் ஒரு கூற்றின் அளவினதே.

படலம் தடிக்குந்தோறும் நிறங்கள் ஓர் ஒழுங்கிலே மாறுகின்றன. முதலில் இளமஞ்சள், பின் பொன்னிறம், பின் செம்மை கலந்த ஊதா, அதன்பின் கருநீலம், அதன்பின் வெளிர்நீலம். அப்பால் இரண்டாஞ் சுற்றாக மீண்டும் மஞ்சளும் செம்மையும் தோன்றும். நல்ல பச்சை பெரும்பாலும் இச்சுற்றிலேயே புலப்படும். இறுதியில் எல்லாம் மங்கிக் கருமையே எஞ்சும். இவ்வொழுங்கு மனிதர் வகுத்ததன்று, ஒளியின் இயல்பால் அமைந்தது. மெய்யையும் போலியையும் பிரித்தறிய இது பின்னர் உதவுமாதலின் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வண்ணப் படிவுக்குப் பெயர்பெற்ற நாணயம் மோர்கன் டொலர். ஜோர்ஜ் மோர்கன் என்னும் சிற்பியின் வடிவமைப்பில் 1878ஆம் ஆண்டு முதல் 1904 வரையும், மீண்டும் 1921இலும் இது அடிக்கப்பட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியும் பத்துப் பங்கு செம்பும் உடையது, நிறை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீற்றர். வெள்ளியை அரசு மாதந்தோறும் கொள்வனவு செய்து டொலராக அடித்தல் வேண்டுமென 1878ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்தமையின், மக்களின் கொடுக்கல் வாங்கலுக்கு வேண்டிய அளவினும் மிகுதியாக இவை பெருகின. ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளிற் கட்டப்பட்டுத் திறைசேரியின் நிலவறைகளிற் பல பத்தாண்டுகள் கிடந்தன. 1918ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டொலர்கள் உருக்கப்பட்டன. அவற்றிற்குத் தப்பியவை 1962ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி 1964 மார்ச்சு வரை பெருவாரியாக வெளிவந்தன. அப்பாலும் எஞ்சிய ஏறத்தாழ 29 இலட்சம் டொலர்களை, அவற்றுட் பெரும்பாலன கார்சன் நகர நாணயச்சாலையில் அடிக்கப்பட்டவை, 1972 முதல் 1980 வரை அரசே சேகரிப்போருக்கு விற்றது.

இத்தகைய நெடிய உறக்கமே வண்ணங்களுக்குத் தாயாயிற்று. பையின் துணியோடு ஒட்டிக் கிடந்த நாணயத்தின் ஒரு முகம் நிறம்பெற, மறுமுகம் வெண்மையாகவே இருந்தது. ஒன்றின்மேல் ஒன்று பாதி கவிந்து கிடந்தவிடத்து, மூடப்பட்ட பாகம் வெளிறியும் எஞ்சிய பாகம் பிறைவடிவாக வண்ணம் பூண்டும் அமைந்தன. சிலவற்றில் துணியின் நெசவுகூடப் பதிந்துள்ளது. வேறு நாணயங்கள் வேறு வழியால் நிறம்பெற்றன. மட்டையாற் செய்த பழைய நாணயத் தொகுப்பேடுகளிற் கிடந்தவை விளிம்பிலிருந்து நடுநோக்கி வளையம் வளையமாக வண்ணங்கொண்டன. 1947 முதல் 1958 வரை அமெரிக்க நாணயச்சாலை மட்டைத் தாங்கிகளில் வைத்து விற்ற ஆண்டுத் தொகுதிகளும் அவ்வாறே. இங்ஙனம் ஒவ்வொரு வண்ணமும் அந்நாணயம் எங்கே, எவ்வாறு கிடந்தது என்பதற்கு ஒரு தடயமாகும்.

இனி விலைக்கு வருவாம். 1881இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை 1 கோடியே 27 இலட்சத்து 60 ஆயிரம் மோர்கன் டொலர்களை அடித்தது. அவற்றுள் அழகு குன்றாதவை இன்றும் பெருந்தொகையாகக் கிடைக்கின்றன. எந்த வியாபாரியிடமும் வாங்கலாம். ஆண்டாலும் அரிதன்று, நாணயச்சாலையாலும் அரிதன்று. எனினும் அவ்வாண்டு நாணயமொன்றில் முழு வானவில்லும் படிந்திருப்பின், அதன் விலை வெள்ளை நாணயத்தின் விலையைப் போலப் பன்மடங்காகின்றது. எனவே இம்மிகைவிலை உலோகத்திற்குமன்று, ஆண்டிற்குமன்று. அஃது இரண்டு பொருள்களுக்குக் கொடுக்கப்படுவது. ஒன்று அழகு, மற்றொன்று சான்று.

அழகைப்பற்றி அதிகம் வாதிப்பதற்கில்லை. ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற இலட்சக்கணக்கான நாணயங்களுள், வண்ணம் படிந்த ஒன்று மட்டும் தனக்கென ஒரு முகம் பெறுகின்றது. அதுபோல் மற்றொன்று இல்லை. அதனை விரும்புவோன் விலை கொடுப்பதிற் குற்றமில்லை.

சான்று என்றது யாது? வெண்மையான பழைய நாணயங்களைக் கண்டு, அவை அன்று அடித்த நிலையிலே உள்ளன எனப் பலர் எண்ணுவர். வெளுத்ததெல்லாம் பாலன்று. அமிலமும் தயோயூரியாவும் கலந்த கரைசலிற் சில விநாடிகள் தோய்த்தெடுத்தால் எந்தக் கறையும் நீங்கும். ஆனால் கறையாக மாறிய வெள்ளியும் உடன் நீங்கும். அச்சு வீழ்ந்த வேளையில் உலோகம் பாய்ந்து பதிந்த நுண்கோடுகளே புது நாணயத்தின்மேற் சுழலும் ஒளியைத் தருவன. பலமுறை தோய்த்த நாணயத்தில் அக்கோடுகள் தேய்ந்து, உயிரற்ற வெண்மை மட்டுமே எஞ்சும். ஆகவே ஒளி குன்றாத தளத்தின்மேல் இயல்பாகப் படிந்த வண்ணம், அத்தளத்தை நெடுங்காலம் எவரும் தீண்டவில்லை என்பதற்கு அறிகுறியாகும். இது முற்றுஞ் சான்றன்று. முன்னரே தோய்த்த நாணயமும் பின்னர் நிறம்பெறல் கூடும். எனினும் மதிப்புள்ள அறிகுறியே.

இவ்விரண்டும் மிகைவிலைக்கு ஆதரவானவை. எதிரான நியாயங்களையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும்.

முதலாவது, போலி. கந்தகச் சேர்வைகளாலும் வெப்பத்தாலும் சில நாழிகைகளில் வெள்ளிக்கு வண்ணமூட்டலாம். இயற்கை செய்வதும் கந்தக வினை. வஞ்சகன் செய்வதும் கந்தக வினை. படலத்தின் பொருள் ஒன்றே. வேறுபாடு காலத்திலும் கருத்திலுமே உள்ளது. விலை உயருந்தோறும் இக்கைவேலைக்கு ஊக்கமும் உயர்வது இயல்பு.

இரண்டாவது, நற்சான்றிதழின் எல்லை. 1986இலும் 1987இலும் அமெரிக்காவில் பீ.சீ.ஜீ.எஸ்., என்.ஜீ.சீ. என்னும் இரு தரங்காண் நிறுவனங்கள் தோன்றின. இவை நாணயத்தைச் சோதித்து, 1 முதல் 70 வரையுள்ள புள்ளியொன்றை அளித்துப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவன. நிறம் ஐயத்துக்குரியதாயின் புள்ளியளிக்க மறுப்பன. இதனாற் பெரும்பயன் விளைந்துளது. ஆயினும் உறையினுட் புகுந்த நாணயத்தின் நிறம் இயற்கையினதே என்பதற்கு அது பிணையன்று. சந்தை ஏற்கத்தக்க நிறமெனக் கண்டவர்கள் கருதினர் என்பதே அதன் பொருள். மேலும், அழகிய வண்ணம் சிலபோது தரப்புள்ளியையே சற்று உயர்த்திவிடுகின்றது. அந்நாணயத்தை வாங்குவோன் உயர்ந்த புள்ளிக்கு ஒருமுறையும் வண்ணத்துக்கு மறுமுறையுமாக ஒரே அழகுக்கு இருமுறை விலை கொடுக்கின்றான்.

மூன்றாவது, விற்கும் வேளை. விலைப் பட்டியல்களில் ஆண்டும் நாணயச்சாலையும் தரமும் உண்டு; வண்ணத்துக்கு விலை குறிக்கப்படுவதில்லை. வெள்ளை டொலர் 100 டொலர் விலையதாகவும், வண்ண டொலரை ஒருவர் 600 கொடுத்து வாங்கினாரெனவும் வைத்துக்கொள்வோம். 100 நாணயத்துக்கு; 500 வண்ணத்துக்கு. முன்னைய நூற்றைத் தருவார் ஊரெங்கும் உளர். பின்னைய ஐந்நூற்றைத் தருவாரோ, அதே வண்ணத்தில் அதே அளவு மனம் வைத்தவர் மட்டுமே. ஏலத்தில் அத்தகையார் இருவர் போட்டியிட்டால் விலை வானளாவும். ஒருவரே இருந்தால் வீழும். ஒருநாள் ஏலத்தில் எட்டிய உச்சவிலையைப் பொருளின் நிலையான மதிப்பெனக் கொள்வது தவறு.

நான்காவது, மாற்றம். படலம் வளர்ந்துகொண்டே செல்லும் இயல்பினது. நிறுவன உறைகளும் காற்றை முற்றாகத் தடுப்பனவல்ல. இன்று நீலமாயிருப்பது கவனமின்றி வைத்தால் நாளை கருமையாகலாம்.

அங்ஙனமாயின் வாங்கவே கூடாதா? அவ்வாறு கூறோம். மெய்யை அறிவதற்கு வழிகள் உள. நிறங்கள் மேற்கூறிய ஒழுங்கிலே ஒன்றிலிருந்து மற்றொன்றாக மெல்ல மாறுகின்றனவா எனக் காண்க. மஞ்சளுக்கும் நீலத்துக்குமிடையே ஊதாவே இல்லாமல் நிறம் தாவுமாயின் ஐயுறுக. நாணயத்தைச் சாய்த்துத் திருப்பும்போது ஒளி வண்ணத்தின் அடியிலிருந்து சுழன்றெழுகின்றதா, அன்றி வண்ணம் பூச்சுப்போல மேலே மிதக்கின்றதா என நோக்குக. வண்ணத்தின் வடிவம் பை, மட்டை, தொகுப்பேடு என்பவற்றுள் ஒன்றாலேனும் விளங்கத்தக்கதா என வினவுக. கைமாறிக் கைமாறித் தேய்ந்த நாணயத்தில் எரிவண்ணம் காணின் விலகுக. தேய்ந்த வெள்ளி பெரும்பாலும் சாம்பல் நிறமே கொள்ளும். இணையத்திற் காணும் படத்தை மட்டும் நம்பி விலைபேசற்க; சாய்ந்த ஒளியிற் பிடித்த படம் காட்டும் வண்ணம், கையில் எடுத்துப் பார்க்கும்போது பாதியும் தோன்றாதிருத்தல் உண்டு.

எம் முடிபு இது. வண்ணத்துக்கு மிகைவிலை தகும். ஆனால் அது நாணயத்துக்குப் பின்னரே வைத்து எண்ணத்தக்கது. வண்ணத்தை நீக்கி நினைத்தாலும் வாங்கத்தக்க நாணயமா என முதலில் வினவுதல் வேண்டும். ஆம் எனின், அதன் வெள்ளை விலையைப் பொருளாகவும், மேற்கொடுப்பதைக் கண்ணின் மகிழ்ச்சிக்கான செலவாகவும் வேறுவேறாகக் கணக்கிடுக. அச்செலவு திரும்பி வாராவிடினும் வருந்தேன் என்று சொல்லக்கூடிய அளவே அவரவர்க்குரிய எல்லை. பிள்ளைகளின் கல்விக்கும் முதுமைக்குமென வைத்த பணத்தை அவ்வெல்லைக்கு அப்பால் இடுதல் சேகரிப்பன்று, சூதாட்டம்.

வாங்கியதைப் பேணும் முறையும் அறிதல் நன்று. ஈரமற்ற இடத்தில், கந்தகமற்ற உறையில், விளிம்பை மட்டும் பற்றி எடுத்து வைத்தல் வேண்டும். சாதாரண மட்டையும் இறப்பர்ப் பட்டியும் அருகில் வருதலாகாது. எல்லாவற்றினும் மேலாக, ஒவ்வொரு நாணயத்துக்கும் என்ன விலை கொடுக்கப்பட்டது, ஏன் கொடுக்கப்பட்டது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அதனை வீட்டாரிடமும் சொல்லி வைத்தல் வேண்டும். அக்குறிப்பு இல்லாதவிடத்து, தந்தையார் பேணிய வண்ண நாணயத்தைக் கறுத்த வெள்ளியென்று கருதித் திருநீறிட்டுத் துலக்கிவிடும் பிள்ளைமேற் குறை கூறுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.