ஆப்ஷனுக்கு ஒரு வரி

பாரிஸில் லாச்சப்பல் பக்கம் கலியாண வீடும் சாமத்திய வீடும் படம் பிடிக்கிறவர்களுக்கு இந்தக் கோரிக்கை பழகிப்போன ஒன்று: நாலு மணி நேர வீடியோவில் தாலி கட்டுகிற அரை நிமிடத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பு. எடிட்டிங் மென்பொருளைத் திறந்து, கோப்பு ஏறும்வரை காத்திருந்து செய்யலாம். கறுப்புத் திரையில் ஒரே வரியிலும் முடிக்கலாம்:

எஃப்எஃப்எம்பெக் -எஸ்எஸ் 01:42:10 -ஐ கலியாணம்.எம்பி4 -டி 30 தாலி.எம்பி4

விசைப்பலகையில் இவை ரோமன் எழுத்துகள். வாசிக்க வசதியாகத் தமிழில் தந்திருக்கிறேன். ஒரு மணி 42 நிமிடம் 10 விநாடிக்குப் போய், இந்தக் கோப்பிலிருந்து, 30 விநாடியை எடுத்து, அந்தப் பெயரில் எழுது என்பது பொருள். எஃப்எஃப்எம்பெக்கை 2000-இல் தொடங்கியவர் ஃபப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர். சி மொழியில் எழுதப்பட்டது; நூற்றுக்கு மேற்பட்ட ஆப்ஷன்கள் உண்டு. அது வீடியோவை எப்படி வெட்டுகிறது என்பது பெரிய கதை. நாம் பார்க்கப்போவது அதற்கு முந்திய சின்னக் கதை: அந்த வரியை அது எப்படிப் படித்துப் புரிந்துகொள்கிறது?

என்டரைத் தட்டியதும் ஷெல் அந்த வரியை இடைவெளி கண்ட இடமெல்லாம் துண்டாக்குகிறது. மெயின் என்ற ஃபங்ஷனின் கைக்கு இரண்டு பொருள்கள் வருகின்றன. ஆர்க்சி என்பது துண்டுகளின் எண்ணிக்கை, மேலே உள்ள வரிக்கு 8. ஆர்க்வி என்பது துண்டுகளின் பட்டியல். பூச்சியமாவது இடத்தில் நிரலின் பெயர், கடைசித் துண்டுக்கு அடுத்த இடத்தில் 'நல்' என்ற வெற்றுக் குறி. எல்லாத் துண்டுகளும் வெறும் எழுத்துச் சரங்கள். 30 என்பதுகூட அந்த நிலையில் எண் கிடையாது, மூன்று என்ற எழுத்தும் பூச்சியம் என்ற எழுத்தும் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். சி மொழி இதோடு கையைக் கழுவிவிடும். மிச்சம் நம் வேலை.

லாச்சப்பலில் மெட்ரோ லைன் 2 ஏறி, ப்ளாஸ் து கிளிஷியில் 13-க்கு மாறினால், 17-ஆம் வட்டாரத்தில் 42 என்ற நிரலாக்கப் பள்ளிக்குப் போகலாம். 2013-இல் தொடங்கியது, வழக்கமான வகுப்பும் ஆசிரியரும் கிடையாது. அங்கே மாணவர்கள் செய்கிற பயிற்சிகளில் ஒன்று, கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையைச் சி மொழியில் தாங்களே எழுதுவது. கட்டாயமாக வேண்டிய ஆப்ஷன்கள் ஐந்தே. முதல் முயற்சியில் யாரும் எழுதுவது இஃப்-எல்ஸ் அடுக்கு: துண்டு இதுவா? இல்லையென்றால் அதுவா? அதுவும் இல்லையென்றால் இன்னொன்றா? ஐந்து ஆப்ஷனுக்கு அதுவே போதும். அதற்குப் போய் அட்டவணை கட்டுவது வீண் பெருமை என்றுதான் சொல்வேன்.

ஐந்து ஐம்பதாகும்போதுதான் அடுக்கு சரிகிறது. ஒவ்வொரு ஆப்ஷனையும் பற்றி நிரலுக்கு நாலு செய்தி தெரிய வேண்டும்: அதன் பெயர் என்ன, பின்னால் ஒரு மதிப்பு வருமா, வந்தால் அதை என்னவாக மாற்றி எந்த மாறியில் வைப்பது, உதவிப் பக்கத்தில் அதைப் பற்றி என்ன சொல்வது. இஃப் அடுக்கில் இந்த நாலும் நாலு மூலையில் கிடக்கும். புதிய ஆப்ஷனைச் சேர்த்தவர் உதவிப் பக்கத்தில் எழுத மறப்பார். பழையதை நீக்கியவர் உதவிப் பக்கத்தில் அதை விட்டுவைப்பார்.

விவரிப்பு அட்டவணை என்ற முறை இந்த நாலையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிறது. ஒரு ஸ்ட்ரக்ட் வகையை வரையறுத்து, அதில் பெயர், வகை, சேமிக்கும் இடத்தின் முகவரி, உதவி வாசகம் என்று கட்டங்கள் வைக்கிறோம். பிறகு அந்த வகையில் ஓர் அணி. அதில் ஒரு வரி இப்படி இருக்கும்:

{ "டி", நேரம், &நீளம், "எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும்" },

இதைப் படிக்கும் லூப் சிறியது. அடுத்த துண்டை எடு. சிறுகோட்டில் தொடங்கினால் அட்டவணையில் அந்தப் பெயரைத் தேடு. இல்லையென்றால் 'தெரியாத ஆப்ஷன்' என்று சொல்லி நிறுத்து. இருந்தால் வகையைப் பார். மதிப்பு வேண்டிய வகையென்றால் அடுத்த துண்டையும் எடு. வகைக்கு ஏற்றபடி மாற்றி, முகவரியில் எழுது. இந்த லூப்புக்கு 'டி' என்றால் நேரம், 'எஸ்எஸ்' என்றால் தொடக்கம் என்பதெல்லாம் தெரியாது. எந்த ஆப்ஷனின் பெயரும் அதற்குள் இல்லை. ஐம்பத்தோராவது ஆப்ஷனுக்கு லூப்பைத் தொடாமல் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. உதவிப் பக்கமும் அதே அட்டவணையை மேலிருந்து கீழே அச்சிடுவதுதான். கடைச் சுவரில் தொங்கும் விலைப்பட்டியலும் கல்லாவில் அடிக்கும் விலையும் ஒரே தாளில் இருந்து வருவது மாதிரி.

நூலகத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் 'கெட்ஆப்ட் லாங்' இதில் பாதி தூரம்தான் வருகிறது. அதன் அட்டவணையில் பெயர் உண்டு, மதிப்பு வருமா என்ற குறிப்பு உண்டு. வகையும் உதவி வாசகமும் கிடையாது. எனவே அதைப் பயன்படுத்துகிறவர்கள் அட்டவணைக்குக் கீழே நீளமான ஸ்விட்ச் ஒன்றும், அதற்கும் கீழே தனியாக உதவி வாசகமும் எழுத நேர்கிறது.

எஃப்எஃப்எம்பெக்கின் அட்டவணை முழு தூரம் போகிறது. அதில் சேமிக்கும் இடத்துக்கான கட்டம் ஒரு யூனியன்: சில வரிகளில் மாறியின் முகவரி இருக்கும், சிலவற்றில் அழைக்க வேண்டிய ஃபங்ஷன் இருக்கும். மதிப்பை அப்படியே வைத்துக்கொள்வது போதாத இடத்தில் ஃபங்ஷன். இன்னொரு சாமர்த்தியமும் உண்டு: ஆம்-இல்லை வகை ஆப்ஷன் எதற்கும் முன்னால் 'நோ' சேர்த்தால் அது அணைந்துவிடும். இதற்கென்று தனி வரிகள் இல்லை. பெயர் கிடைக்காமல் போனால் லூப் முன்னால் உள்ள 'நோ'வை உரித்துவிட்டு மறுபடி தேடுகிறது. எந்த ஆப்ஷன் உள்ளே வரும் கோப்புக்கு, எது வெளியே போகும் கோப்புக்கு என்பதும் அட்டவணையிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. எஃப்எஃப்எம்பெக்கில் இது முக்கியம். எஸ்எஸ் உள்ளே வரும் கோப்புக்கு முன்னால் நின்றால் அந்த இடத்துக்குத் தாவும், பின்னால் நின்றால் தொடக்கத்திலிருந்து படித்துப் படித்துத் தூக்கிப் போட்டுக்கொண்டே அங்கே போய்ச் சேரும். நாலு மணி நேர வீடியோவில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

நிரலாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் 'கிட்' இந்த வழிக்கு 2007-இல் வந்தது. அதுவரை அதன் ஒவ்வொரு துணைக்கட்டளையும் தன் ஆப்ஷன்களைத் தன் பாணியில் கையால் அலசியது. பியர் அபூசி என்ற பிரெஞ்சு நிரலாளர் ஒரு பொது அட்டவணை முறையை எழுதிக் கொடுத்தார். கட்டளைகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின.

விஎல்சி என்ற வீடியோ பிளேயரை எடுத்துக்கொண்டால் அட்டவணை இன்னும் சுவாரசியமாகிறது. பாரிஸுக்குத் தெற்கே ஷத்தனே-மலாப்ரியில் இருந்த எக்கோல் சென்ட்ரால் மாணவர்கள் 1996-இல் தொடங்கிய திட்டம். 2001 பெப்ரவரி 1 முதல் கட்டற்ற மென்பொருள். அதில் ஒவ்வொரு செருகுநிரலும் தன் ஆப்ஷன்களைத் தானே விவரிக்கிறது: இன்ன வகை, இன்ன பெயர், முன்னிருப்பு மதிப்பு இது, விளக்கம் இது. அந்த விவரிப்பைக் கட்டளை வரியும் படிக்கிறது, உதவிப் பக்கமும் படிக்கிறது. விருப்பத்தேர்வுகளில் 'அனைத்தையும் காட்டு' என்றால் திறக்குமே, நீண்ட மரம் மாதிரி ஒரு சாளரம், அதுவும் அந்த விவரிப்பிலிருந்துதான் கட்டப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் கைவைப்பதும் அந்த வாசகங்களில்தான். விஎல்சி-க்குத் தமிழாக்கமும் உண்டு.

இனி அட்டவணை கடிக்கும் இடங்கள். மிக மோசமானது முகவரிக் கட்டம். எந்த வகை மாறியின் முகவரியும் அதில் அடங்க வேண்டும் என்பதால் அதை 'வாய்டு' சுட்டியாக வைக்கிறோம். வாய்டு என்றதும் கம்பைலர் கண்ணை மூடிக்கொள்ளும். அட்டவணையில் 64 பிட் எண் என்று எழுதிவிட்டு 32 பிட் மாறியின் முகவரியைக் கொடுத்தால் ஒரு எச்சரிக்கையும் வராது. லூப் நாலு பைட் இடத்தில் எட்டு பைட் எழுதும். பக்கத்தில் இருந்த மாறி அழியும். ஓர் ஆப்ஷனைக் கொடுத்தால் சம்பந்தமே இல்லாத இன்னொன்று மாறிப்போகும். இந்த வகைப் பிழையைத் தேடுவது பெரும் பாடு, ஏனென்றால் பிழை உள்ள வரி பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். கிட்டின் அட்டவணையில் மாறி எத்தனை பைட் என்று குறிக்கும் கட்டம் 2025-இல்தான் சேர்ந்தது. புதிதாக எழுதுகிறவர்கள் வரியைக் கையால் நிரப்பாமல் ஒரு மேக்ரோ வழியாக நிரப்பலாம். சி11-இல் வந்த ஜெனரிக் வசதியால் மாறியைப் பார்த்து வகைக் கட்டத்தைக் கம்பைலரே நிரப்பிவிடும்.

எண்ணாக மாற்றும் இடத்தில் 'ஏடுஐ' வேண்டாம். 'முப்பது' என்று யாராவது எழுத்தால் எழுதினாலும் அது முகம் சுளிக்காமல் 0 என்று தரும். 'ஸ்ட்ர்டுஎல்' எந்த எழுத்தோடு நின்றது என்றும் சொல்லும். துண்டின் கடைசிவரை போகவில்லையென்றால் பிழை. குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்ற எல்லையையும் கட்டங்களாக்கலாம். எஃப்எஃப்எம்பெக்கின் கோடெக்குகளுக்கான அட்டவணையில் அவை உண்டு. அணியின் கடைசியில் வெற்று வரி வைக்க மறந்தால் தேடல் அட்டவணையைத் தாண்டி ஓடும். இரண்டு சிறுகோடு மட்டும் தனியே வந்தால் 'ஆப்ஷன்கள் முடிந்தன' என்று லூப் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சிறுகோட்டில் தொடங்கும் பெயருள்ள கோப்பைத் திறக்கவே முடியாது.

ஆப்ஷன் பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா? நீளப் பெயர் என்றால் தாராளமாக. இரண்டு சிறுகோட்டுக்குப் பின்னால் 'கொப்பி' என்று எழுதினால் லூப் பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது. மொழி அதற்குப் பொருட்டில்லை. ஒற்றை எழுத்துப் பெயர்தான் சிக்கல். அந்தக் கட்டம் வழக்கமாக ஒரு பைட். யூடிஎஃப்-8-இல் 'க' மூன்று பைட், 'கி' ஆறு பைட். உதவிப் பக்கத்தின் நேர்க்கோடும் கோணும், ஏனென்றால் பிரின்ட்எஃப் அகலத்தைப் பைட்டில் எண்ணுகிறது. இன்னொன்று: 'கொ'வைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று, பைட்டில் வேறு வேறு. ஒருவர் விசைப்பலகையில் வேலை செய்யும் ஆப்ஷன் இன்னொருவருக்குத் 'தெரியாத ஆப்ஷன்' ஆகிவிடும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதுவும் லூப்பில் ஓரிடத்தில் செய்கிற வேலைதான். அட்டவணையைத் தொட வேண்டாம்.