ஆறு வளையமும் ஒரு கன்றுத்தோலும்

ஃபைலோஃபேக்ஸ் என்பது ஆறு வளையங்களில் தாள்களைக் கோத்துவைக்கும் தோல் உறைக் குறிப்பேடு. அதன் பழைய பைண்டர் ஒன்று சேகரிப்பவரின் கையில் கிடைத்தால், முதலில் வளையங்களைத் திறந்து மூடிக் காதுகொடுத்துக் கேட்பார். 'டக்' என்று ஒரே சத்தமாக விழ வேண்டும். பிறகு அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஆறு வளையங்களின் முனைகளும் சேர்கின்றனவா என்று பார்ப்பார். மயிரிழை இடைவெளி இருந்தாலும் தாளைப் புரட்டும்போதெல்லாம் துளையின் ஓரம் அதில் மாட்டிக் கிழியும்.

அந்த 'டக்' சத்தத்துக்குள் அழகான இயற்பியல் இருக்கிறது. வளையங்களுக்கு அடியில் இரண்டு நீளப் பட்டைகள் ஒட்டிப் படுத்திருக்கின்றன. ஒவ்வொரு பட்டையும் எல்லா வளையங்களின் ஒரு பக்கப் பாதியைச் சுமக்கிறது. வளைந்த எஃகு உறை ஒன்று இரண்டையும் இருபுறமிருந்தும் நெருக்குகிறது. பட்டைகள் சமமாக மல்லாந்து கிடக்க அந்த உறைக்குள் இடம் போதாது. அதனால் அவை சேர்ந்து மேல்நோக்கி மடிய வேண்டும், இல்லையேல் கீழ்நோக்கி மடிய வேண்டும். ஒரு மடிப்பில் வளையம் திறந்திருக்கும், மறு மடிப்பில் மூடியிருக்கும். நடுவில் நிற்க வழியே இல்லை. சிறுமிகள் தலையில் குத்தும் டிக்டாக் கிளிப் வேலை செய்வதும் இப்படித்தான். முனையிலுள்ள நாக்கை அழுத்தாமல் வளையத்தையே பிடித்து இழுப்பவர்கள்தாம் இந்தப் பொறியைக் கெடுப்பவர்கள்.

இந்தப் பைண்டரின் மூதாதை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1910இல் பிறந்த லீஃபேக்ஸ். பொறியாளர்கள் தங்கள் துறைத் தகவல்களைத் தனித்தனித் தாள்களாகக் கோத்துக்கொள்வதற்காக வந்தது. லண்டனில் 1921இல் தொடங்கிய நார்மன் அண்ட் ஹில் நிறுவனம் அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டது. 'ஃபைலோஃபேக்ஸ்' என்ற பெயரைச் சூட்டியவர் அங்கே வேலை பார்த்த கிரேஸ் ஸ்கர் என்ற பெண். 1940இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அலுவலகம் அழிந்தது. வாடிக்கையாளர், சரக்கு தருபவர் என எல்லாருடைய விவரங்களையும் அவர் தன் சொந்த ஃபைலோஃபேக்ஸில் எழுதிவைத்திருந்தார். அந்த ஒரு பைண்டரிலிருந்து தொழில் மறுபடி எழுந்தது. 1980களில் கோட்டு போட்ட இளைஞர்களின் அடையாளமாக ஆனதெல்லாம் பின்கதை. சேகரிப்பவர்கள் தேடுவது வின்செஸ்டர் என்ற பழைய வகைக் கன்றுத்தோல் பைண்டர்களை.

அந்தத் தோல் ஏன் இத்தனை ஆண்டு நிற்கிறது? வாழைக்காயைப் பச்சையாகக் கடித்துப் பாருங்கள். வாய் இறுகுகிறதே, அந்தத் துவர்ப்பைத் தருவது டானின். எச்சிலில் உள்ள புரதத்தை அது பற்றிக்கொள்வதால் நாக்கு உலர்கிறது. மரப்பட்டையின் துவர்ச் சாற்றில் தோலை ஊறவைக்கும்போதும் இதுவே நடக்கிறது. அங்கே டானின் பற்றுவது கொலாஜன் என்ற புரதத்தை. பற்றியபின் கிருமிகளால் தோலை எளிதில் அழுகவைக்க முடியாது.

கொலாஜனின் வடிவத்தைச் சொன்னது சென்னை என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிடத்தான் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் தசைநாரைப் பெற்று, எக்ஸ்-கதிரால் ஆராய்ந்தார். அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் முச்சுருள் அமைப்பை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மூன்று இழைகள் கயிறுபோல முறுக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வரும். அதைவிடப் பெரியது எதுவும் கயிற்றின் நடுவே அடங்காது.

கயிறு அறுந்தால் தோல் பொடியாகும். பழைய தோலைத் தொட்ட விரலில் செங்காவிப் பொடி ஒட்டினால் அது செம்மட்கு நோய். காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு தோலுக்குள் கந்தக அமிலமாகி இழைகளை வெட்டுகிறது. லண்டன் அத்தீனியம் மன்ற நூலகத்தில் புத்தகத் தோல்கள் உதிர்ந்தபோது, எரிவாயு விளக்குகளைக் குற்றம் சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. காலம் 1843. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு குழு ஆராய்ந்து, எல்லாத் துவரும் ஒன்றல்ல என்று கண்டது. நம் ஊர் ஆவாரம்பட்டையில் பதனிட்டு லண்டனுக்குக் கப்பலேறிய ஆட்டுத்தோல்கள் புத்தக அட்டைக்கு ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. கேட்க வருத்தம்தான், ஆனால் வேதியியல் அப்படி. ஆவாரம்பட்டையின் டானின் அமிலத்தை அதிகம் உறிஞ்சுகிற வகை. கடுக்காயின் டானின் வேறு வகை, அது இன்னும் நன்றாகத் தாங்கும்.

செம்மட்கு கண்ட தோலை ஈரத்துணியால் துடைத்தால் அந்த இடம் கறுத்து இறுகிவிடும். காப்பகங்களில் ஆல்கஹாலில் கரைத்த செல்லுலோஸ் பசையைத் தடவிப் பொடியை நிறுத்துவார்கள். இழந்த வலு அதனால் திரும்பாது.

எல்லாக் கறையும் நோயல்ல. தோலின் மேல் வெண்படலம் கண்டதும் பூஞ்சை என்று பதறுவார்கள். பல சமயம் அது உள்ளிருந்த கொழுப்பு அமிலம் வெளியேறிப் படிந்தது. உலர்ந்த தோல்மேல் ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து ஓரிரு நொடி காட்டினால் கொழுப்பு உருகி மறையும், பூஞ்சை மறையாது. ரிவிட்டைச் சுற்றித் திரளும் பச்சை மெழுகும் அதே கொழுப்பு, செம்போடு சேர்ந்து உண்டாக்கியதுதான். மூங்கில் குச்சியால் சுரண்டினால் வந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் எனக்குச் சமரசம் இல்லை. பழைய தோல் என்றதும் எண்ணெயில் குளிப்பாட்டுகிறவர்கள், அடுத்த வெண்படலத்துக்கும் பச்சை மெழுகுக்கும் அவர்களே விதை போடுகிறார்கள். உலர்ந்த மென்துணியால் துடைப்பதே பாதி வேலை.

வீட்டில் அப்பாவின் தோல் டைரியோ தாத்தாவின் கணக்குப் பையோ இருந்தால் பிளாஸ்டிக் உறையில் கட்டிவைக்காதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். உள்ளே கையெழுத்துத் தாள்கள் இருந்தால் அவற்றை எடுத்து எறிய வேண்டாம். கிடைத்தது ஃபைலோஃபேக்ஸ் பைண்டராக இருந்து, வளையங்களும் நேராக இருந்தால், இன்று கடையில் வாங்கும் ஆறு துளைப் பர்சனல் அளவுத் தாள் பழைய வின்செஸ்டரிலும் அப்படியே பொருந்தும்.