வீட்டுக் கணினிக்கு ஒரு மறைவழி

வி.பி.என். என்னும் பெயர் இலங்கை மக்களிடையே பரவியது கல்விக்கூடங்களின் வாயிலாக அன்று, தடைகளின் வாயிலாக. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம் மக்களுக்கெதிரான வன்செயல் மூண்டபோது அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நிகழ்ந்தபின் மீண்டும் முடக்கியது. 2022 ஏப்ரல் 3ஆந் திகதி ஊரடங்கோடு சேர்த்து மறுபடியும் முடக்கியது. அன்று அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்ஷவே தாமும் வி.பி.என். வழியாகத்தான் எழுதுவதாகவும், அவ்வழி இருக்கையில் தடையாற் பயனில்லை என்றும் வெளிப்படையாகக் கூறினார். முன்வாயிலைப் பூட்டிய வீட்டார் தாமே கொல்லைப்புறத்தால் வந்து போன இவ்வேடிக்கையைக் கண்ட மக்கள், வி.பி.என். என்பது தடை தாண்டும் ஏணி என்றே எண்ணிக்கொண்டனர்.

உண்மையில் அது அதற்காகப் பிறந்ததன்று. வெளியூரிலிருப்பவன் தன் சொந்த அலுவலகத்தினுள்ளோ வீட்டினுள்ளோ பிறர் கண்படாது புகுவதற்கான வழி அது. ஜேம்ஸ் யோனன் என்னும் பொறியியலாளர் மத்திய ஆசியாவிற் பயணஞ் செய்தபோது, தம் அலுவலகத்துக்கு அனுப்பும் செய்திகள் அறிமுகமற்ற நாடுகளின் இணையக் கம்பிகளினூடே செல்வதை எண்ணிக் கவலையுற்றார். அக்கவலையின் விளைவே 2001இல் வெளிவந்த ஓப்பன்வி.பி.என். என்னும் மென்பொருள்.

இதனால் நம் மலையகத்தார்க்கு ஆவதென்ன? அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்கு ஏறும் பெருவீதியும் கேகாலையிலிருந்து புலத்கொஹுபிட்டிய வழியாக இறங்கும் வீதியும் கூடும் இடம் கரவனெல்ல. சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள்; அருகே களனி கங்கை. அத்தோட்டங்களுள் ஒன்றிலே ஒரு குடும்பம் வாழ்வதாகக் கொள்வோம். மகன் கொழும்பில், மகள் வளைகுடா நாடொன்றில். வீட்டில் ஒரு பழைய கணினி. பாட்டனார் காலத்து றங்குப் பெட்டியில் இருந்த காகிதங்களையெல்லாம் இளையவர் ஒருவர் படமெடுத்து அக்கணினியிற் சேர்த்து வைத்திருக்கிறார்.

அக்காகிதங்கள் எத்தகையன என்பதை மலையகத்துக்கு வெளியே உள்ளோர்க்குச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ, 1946 சனவரி முதல் நாளுக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கு வசித்தமைக்குச் சான்று கேட்டது. எழுத்தறியா மக்களிடம் காகிதத்தைக் கேட்ட சட்டம் அது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரை எண்ணிக்கையாக்கி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. நாடற்றோராய் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே வழி திறந்தது. பிரஜாவுரிமைச் சான்றிதழ், பிறப்புச் சாட்சிப் பத்திரம், சேமலாப நிதிப் படிவம் என்பன இம்மக்களுக்கு வெறுந்தாள்களல்ல. பேரப்பிள்ளைகளும் இன்னும் அவற்றைப் பத்திரப்படுத்துவது வீண் பயத்தினாலன்று.

மகனுக்குக் கொழும்பில் ஓர் அலுவலகத்திற் காட்ட அவற்றுள் ஒன்று உடனே தேவைப்படுகிறது. வீட்டிற்குள்ளேயென்றால் யாதொரு தொல்லையுமில்லை. ஒரு கணினியிற் பகிர்ந்து வைத்த கோப்புறையை அதே றவுட்டரோடு இணைந்த மற்றொன்று எளிதிற் காணும். வெளியிலிருந்தோ, வீட்டுக் கதவு வரைதான் வரலாம். அக்கதவையே திறந்து வைத்துவிட்டாலென்ன என்று சிலர் துணிவதுண்டு. அது நடுச்சந்தியிலே றங்குப் பெட்டியைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். 2017 மே 12ஆந் திகதி புறப்பட்ட வான்னாக்ரை என்னும் நச்சுநிரல், விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையிலிருந்த ஓட்டையொன்றின் வழியாகவே நாடு நாடாகப் பரவிற்று. பிரித்தானிய மருத்துவமனைகள் பல நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது.

ஆகவேதான் மறைவழி வேண்டும். மகனின் கைத்தொலைபேசியும் வீட்டுக் கணினியும் திறவுகோல்களை முன்கூட்டியே பரிமாறிக்கொள்கின்றன. பின்னர் இடையே செல்வன யாவும் மறைகுறியாக்கப்பட்டே செல்லும். திறவுகோல் இல்லாதவன் தட்டினால் மறுமொழியே வராது. 2020 மார்ச்சில் லினக்ஸின் கருவிலேயே இடம்பெற்ற வயர்கார்ட் இதனை மிகச் சுருக்கமாகச் செய்கிறது. இலவசமெனக் கூவி விற்கும் வி.பி.என். செயலிகளை இதனோடு மயக்கலாகாது. அவற்றில் வழியின் மறுமுனை யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது. இதிலோ நம் வீட்டிலேயே இருக்கிறது. தடைக்காலங்களில் கண்ட கண்ட செயலிகளை நம்பிய பழக்கம் இன்னும் நம்மவரை விட்டகலாதிருப்பது வருந்தத்தக்கது.

வழி அமைந்தபின்னும் பலர் மனம் சலித்துக் கைவிடும் இடங்கள் உண்டு. வீட்டிலே திரையில் தானாகத் தோன்றிய கணினியின் பெயர் வெளியிலிருந்து தோன்றாது. பெயரைக் கூவியழைக்கும் அக்குரல் வீட்டுச் சுவரைத் தாண்டுவதில்லை. ஆதலின் பெயருக்குப் பதிலாக எண் முகவரியையே எழுதுதல் வேண்டும். மகன் தங்கியுள்ள அறையின் றவுட்டரும் வீட்டு றவுட்டரும் 192.168.1 என்ற ஒரே வரிசையைக் கையாண்டால், இரு தெருக்களுக்கு ஒரே பெயர் வைத்த ஊரில் தபாற்காரர் திகைப்பதுபோலக் கணினியும் திகைக்கும். வீட்டின் வரிசையை மாற்றிவிடுவதே இதற்கு மருந்து.

மலைத் தோட்டங்களிற் பெரிய தொல்லை வேறொன்று. கம்பி எட்டாத வீடுகள் கைத்தொலைபேசி வலையமைப்பின் மூலமே இணையம் பெறுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றிற்குத் தமக்கென ஒரு பொது முகவரி கிடையாது. பழைய முறை முகவரிகள் உலகுக்கே சுமார் 430 கோடிதான். ஆசிய பசிபிக் நாடுகளுக்குப் பங்கிடும் ஆப்னிக் 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கையிருப்பைச் சிறுகச் சிறுக அளக்கத் தொடங்கிவிட்டது. ஒரு லயனின் வீடுகள் அனைத்துக்கும் ஒரே தபாற்பெட்டி இருப்பதுபோல, ஒரு முகவரியின் பின்னே பற்பல வீடுகள் நிற்கின்றன. வெளியிலிருந்து வருபவனுக்கு எந்தக் காம்பிரா என்று தெரியாது. இந்நிலையில் இருமுனைகளும் வெளிநோக்கிப் புறப்பட்டு நடுவழியிற் சந்திக்கச் செய்யும் டெயில்ஸ்கேல் போன்ற ஏற்பாடுகளே துணை.

இவ்வளவும் செய்தபின் ஒன்றை மறந்துவிடுகிறோம். பகிர்தல் வேறு, படியெடுத்தல் வேறு. 2016 மே 17ஆந் திகதி இதே கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலையே சரிந்தது. அதே நாளில் புலத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயன் வீடுகளும் மண்ணுள் அமிழ்ந்தன. அத்தகைய நாளில் றங்குப் பெட்டியும் கணினியும் ஒன்றாகவே போய்விடும். ஆதலின் அதே மறைவழியால் இரவுதோறும் கொழும்பில் மகனது கணினிக்கு ஒரு படி சென்று சேருமாறு அமைத்துக்கொள்ளல் வேண்டும். மறைவழியின் மெய்ப்பயன் இதுவே என்பது எம் கருத்து. கோப்பை எடுத்துப் பார்த்தல் அதற்கு அடுத்ததே.

மாலையில் இடி முழங்கத் தொடங்கினால் சப்ரகமுவத் தோட்டங்களில் றவுட்டரின் கம்பியைக் கழற்றி வைத்துவிடுவர். அதுவும் சரியே. அன்றிரவு படி போகாது. விடிந்தபின் கம்பியை மறவாது செருகுமாறு வீட்டிலிருப்பவரிடம் சொல்லி வைத்தல் நலம்.