மாதம் பிறந்தால் ஒரு கவலை

திருப்பூரிலிருந்து அவிநாசி போகிற சாலையில் பஸ் கொஞ்ச தூரம் ஓடியதுமே அனுப்பர்பாளையம் வந்து விடும். பனியனுக்குப் பேர் போன வட்டாரத்தில் இது மட்டும் பாத்திர ஊர். பித்தளை, தாமிரம், எவர்சில்வர் என்று குடமும் அண்டாவும் இங்கே தயாராகி வெளியூர்களுக்குப் போகின்றன. உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி காலத்துப் பித்தளைக் குடம் ஒன்று கவிழ்ந்து கிடந்தால், அது இந்த ஊர்ச் சுத்தியல் பட்ட குடமாகவும் இருக்கலாம்.

பாத்திரப் பட்டறையும் பனியன் கம்பெனியும் இருக்கிற இடத்தில் வேலைக்கு என்ன பஞ்சம் என்பார்கள். கையும் காலும் திடமாக உள்ளவர்களுக்கு அது சரிதான். மற்றவர்களுக்கு?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். பேர் வேண்டாம், இந்த மாதிரிக் குடும்பங்கள் ஒன்றா, இரண்டா? அப்பா பட்டறையில் பாத்திரம் அடிக்கிறார். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். மகளுக்கு 24 வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கால் இரண்டும் ஊன்றாது. ஆனால் புத்தி கூர்மை, கை நன்றாக ஓடும். கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாக வருகிற பனியன்களில் பிசிறு வெட்டிக் கொடுக்கிறாள். ஆர்டர் இருந்தால் நாலு காசு பார்க்கலாம். இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. மாதம் தவறாமல் அவள் பேருக்கு வருவது சர்க்கார் கொடுக்கும் பென்ஷன் ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் வாசலில் நின்று கேட்கிறாள்:

“ஏனுங்க்கா, பென்ஷனை எல்லாம் மறுபடி பரிசோதனை பண்ணிக் குறைக்கப் போறாங்களாமே, நெசமாலுமா?”

“ஆருக்குத் தெரியும் கண்ணு! எங்கேயோ ஆந்திராவிலே அப்படி நடந்துச்சுன்னு பேசிக்கிறாங்க. நம்ம ஊருக்கும் வந்துட்டா இவளுக்கு என்ன பண்றதுன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே வர்றதில்லை.”

அந்தத் தாயின் கவலை வீண் கவலையா? கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962-ல் தொடங்கிற்று. மாற்றுத்திறனாளிகளுக்கான பென்ஷன் 1974-ல் வந்தது. ‘ஆதரவற்ற’ உடல் ஊனமுற்றோருக்கான பென்ஷன் என்றுதான் அப்போது அதற்குப் பேர். கவலைக்கு வேர் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் வீட்டில் இருக்கும்போது மகள் ஆதரவற்றவளா? ‘உனக்குத்தான் வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்களே!’ என்று என்றைக்காவது யாராவது கேட்டு விட்டால்? 24 வயதுப் பெண் பத்து ரூபாய்க்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியதுதான். அவள் அண்ணன் வேலைக்குப் போனால் அவனைப் பெரியவன் என்கிறோம். இவளுக்குத் தன் பேரில் நாலு காசு இருந்தால் மட்டும் அது தருமமா?

2011-ல் இந்தப் பென்ஷன் 500 ரூபாயிலிருந்து 1000 ஆயிற்று. 2023 ஜனவரியில்தான் 1500 ஆயிற்று. கடுமையான பாதிப்பு உள்ளவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள், தசைச் சிதைவு நோய்க்காரர்கள், தொழுநோயிலிருந்து குணமானவர்கள் ஆகியோருக்குப் பராமரிப்பு உதவித் தொகை என்று தனியாக ஒன்று உண்டு. அது 1500-லிருந்து 2000 ஆயிற்று.

1500 ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறீர்களா? மருந்து, பெண்பிள்ளைக்கு மாதா மாதம் வாங்க வேண்டியவை, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ, செல்போனுக்குப் பணம் — முடிந்தது! ஆட்டோ எதற்கு, பெண்களுக்குத்தான் டவுன் பஸ்ஸில் இலவசமாயிற்றே என்று கேட்கலாம். வாஸ்தவம், 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுக்குத் துணையாக வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் படி ஏற முடியாதவளுக்கு பஸ் இலவசமாக இருந்தால் என்ன, கட்டணமாக இருந்தால் என்ன? நமக்குக் காசு செலவாகாத இடத்திலும் அவளுக்குச் செலவாகிறது. வீட்டுக் கணக்கு எழுதுகிற பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆந்திர சங்கதி என்னவென்று பார்ப்போம். அங்கே 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளிகளின் பென்ஷனை 3000-லிருந்து ஒரேயடியாக 6000 ஆக்கினார்கள். தமிழ்நாட்டிலும் அதைப் போல உயர்த்த வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் சங்கத்தார் போராடி வந்திருக்கிறார்கள். ஆனால் 2025-ல் அதே ஆந்திராவில் பென்ஷன்காரர்களை மீண்டும் டாக்டர்களிடம் அனுப்பிச் சதவிகிதம் அளந்தார்கள். 40 சதவிகிதத்துக்குக் கீழே என்று கண்டவர்களுக்கு நோட்டீசுகள் போயின. ஊர் ஊராகக் கூச்சல் கிளம்பிற்று. பிறகு, மேல் முறையீடு செய்யலாம் என்று இடம் கொடுத்தார்கள்.

பொய்ச் சர்டிபிகேட்டுக்காரர்களைக் களைய வேண்டாமா? கட்டாயம் களைய வேண்டும்; மெய்யான மாற்றுத்திறனாளிகள்தான் அதை முதலில் விரும்புவார்கள். ஆனால் போன கால் முளைத்திருக்கிறதா என்று பார்க்க ஒருவரை எத்தனை தடவை வரிசையில் நிறுத்துவது?

இது நம் தேசத்தோடு நிற்கிற கதை இல்லை. பணக்காரச் சீமையான இங்கிலாந்திலும் இதே கவலைதான். அங்கே ஒருவரால் சமைக்க முடிகிறதா, குளிக்க முடிகிறதா, உடுத்த முடிகிறதா என்று பார்த்து மார்க்குப் போட்டு உதவிப் பணம் கொடுக்கிறார்கள். மொத்தம் 8 மார்க்கு வந்தால் போதும் என்றிருந்தது. 2025 மார்ச்சில், ஏதாவது ஒரே காரியத்திலாவது 4 மார்க்கு வந்திருக்க வேண்டும் என்று மாற்றப் பார்த்தார்கள். இதன் பொருள் என்ன தெரியுமா? இடுப்புக்குக் கீழே கழுவி விட ஓர் ஆள் தேவைப்பட்டால் அதற்கு 2 மார்க்குத்தான். தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே கழுவி விட ஆள் வேண்டுமென்றால் 4! இடுப்புக்கு மேலா, கீழா என்பதைப் பொறுத்து ஒருவருடைய சாப்பாடு இருந்தது.

ஆளும் கட்சி எம்.பி.க்களே சண்டைக்கு வந்து விட்டார்கள். ஜூலை 1-ந் தேதி அந்த விதியைக் கைவிட்டார்கள். ஆனால் வேறொரு படியை, புதிதாக வருபவர்களில் பெரும்பாலோருக்கு 2026 ஏப்ரல் முதல் ஏறக்குறையப் பாதியாக்கும் சட்டம் அந்த ஆண்டே நிறைவேறிவிட்டது.

சீமையில் குறைப்பு என்று சொல்லிக் குறைத்தார்கள். நம் நாட்டில் அந்தப் பேரே சொல்லாமல் குறைவதுண்டு. ஓர் உதாரணம் கேளுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, 80 சதவிகிதத்துக்கு மேல் பாதிப்பு உள்ளவர்களுக்கு மத்திய சர்க்கார் 2009 முதல் பென்ஷன் கொடுக்கிறது. 2012-ல் அது மாதம் 300 ரூபாய் ஆயிற்று. 2025-லும் அதே 300! அரிசி ஏறிற்று, பருப்பு ஏறிற்று, எண்ணெய் ஏறிற்று. அந்த முந்நூறு மட்டும் ஏறவில்லை. யாரும் ஒரு காசு குறைக்கவில்லைதான். ஆனால் கடைக்காரரிடம் நீட்டிப் பாருங்கள், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அவர் சொல்லி விடுவார்.

குறைவதற்கு இன்னொரு வழி இயந்திரம். ரேகை வை என்கிறது ஒன்று. குஷ்டம் குணமாகி விரல் மழுங்கியவர் எதை வைப்பார்? கண்ணைச் சிமிட்டு என்கிறது இன்னொன்று. பார்வையில்லாதவர் கேமரா எந்தப் பக்கம் இருக்கிறதென்று எப்படி அறிவார்? அமில வீச்சுக்கு ஆளாகிக் கண் இமை சிதைந்த ஒரு பெண்மணியும், பார்வையற்ற ஒருவரும் இதற்காகச் சுப்ரீம் கோர்ட்டுக்கே போனார்கள். 2025 ஏப்ரல் 30-ந் தேதி தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. இந்தச் சோதனைகளை எல்லோரும் செய்யக் கூடிய விதத்தில் மாற்றி அமைக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது.

சட்டமும் ஒரேயடியாகக் கையை விட்டு விடவில்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு முக்கியமான ஒன்றைச் சொல்கிறது. மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தில் எவ்வளவு உதவி உண்டோ, அதைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவிகிதம் அதிகம் கொடுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 2023 ஆகஸ்டில் 1200 ஆயிற்று. அதில் கால் பங்கு 300. இரண்டும் சேர்ந்தால் 1500! அதாவது, அந்த 1500 யாரோ மனமிரங்கிப் போட்ட பணமல்ல; சட்டம் போட்ட கோட்டின் மேல் சரியாக நிற்கிற தொகை. முதியோர் பென்ஷன் ஏறும்போதெல்லாம் இதுவும் கூடவே ஏற வேண்டும்.

உங்கள் தெருவில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால் சில விஷயங்களை எடுத்துச் சொல்லுங்கள். 40 சதவிகிதமும் அதற்கு மேலும் என்ற மருத்துவச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பத்திரமாக வைத்துக் கொள்ளட்டும். இரண்டுக்கும் நகல் எடுத்து வைக்கட்டும். பணம் திடீரென்று நின்று விட்டால், ஏன் நின்றது என்று எழுத்து மூலம் கேட்கட்டும். வாய்ப் பேச்சில் திரும்பி வந்து விடக் கூடாது. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறை கேட்கும் நாள் நடக்கிறது. அங்கே மனுக் கொடுத்து ரசீது வாங்கிக் கொள்ளலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் பார்க்கலாம். நோட்டீசு வந்தால் நாள் தவறாமல் மேல் முறையீடு செய்ய வேண்டும். நோட்டீசைப் படித்துச் சொல்லவும், கூட ஒரு நடை வரவும் நம்மில் ஒருத்தி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

மீதிப் பாதி பெரியவர்கள் கையில் இருக்கிறது. பென்ஷனில் கத்திரி வைக்க நினைக்கிற எந்த அதிகாரியும், கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்தப் பெண்ணின் ஒரு மாத வரவு செலவைத் தம் கையாலேயே ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். எந்த வரியை அடிப்பது என்று அப்புறம் அவரே சொல்லட்டும்!