வராந்தாவில் உட்கார்ந்த கிராணி

கணினியில் ஒரு கோப்பைத் திறந்தால், அது வட்டிலிருந்து வந்ததாகவே எண்ணிக்கொள்கிறோம். அப்படித்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. எந்த வட்டிலும் இல்லாத கோப்பை, கேட்ட கணத்திலேயே ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்திருக்கலாம். அத்தகைய நிரலை அமைப்பது பற்றியே இன்று பேசுகிறோம்.

தோட்டத்து ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி சன்னலருகே நின்று சம்பளக் கணக்கைக் கேட்பார். கிராணி பேரேட்டைப் பார்த்துச் சொல்வார். பேரேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்பது கேட்டவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. கணினியில் அந்த ஆபீசுதான் கெர்னல் எனப்படும் மைய நிரல். எது எங்கே இருக்கிறது என்று அறிந்து சொல்லும் கிராணி, கோப்பு முறைமை. பெரும்பாலும் இந்தக் கிராணி ஆபீசுக்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். அதில் ஒரு தொல்லை. கெர்னலுக்குள் ஓடும் நிரலில் பிழை நேர்ந்தால் கணினி முழுவதுமே நின்றுவிடலாம். சேமிக்காத வேலையெல்லாம் அதோடு போய்விடும். கற்றுக்கொள்ளும் ஒருவர் அங்கே கைவைக்க அஞ்சுவது இயல்பே.

லினக்ஸில் இதற்கு நல்ல வழி செய்தவர் ஹங்கேரியரான மிக்லோஸ் செரெடி. அவருடைய ஃபியூஸ் என்னும் ஏற்பாடு 2005ஆம் ஆண்டில் லினக்ஸ் 2.6.14 பதிப்பில் சேர்ந்தது. ஆபீசுக்குள் ஒரு தபால்காரரை மட்டும் வைத்துவிட்டு, கிராணியை வராந்தாவுக்கு அனுப்பியதைப் போன்றது அது. சன்னலில் வரும் கேள்வியைத் தபால்காரர் வெளியே கொண்டுவருவார். நம் நிரல் பதில் எழுதும். பதில் திரும்ப உள்ளே போய்க் கேட்டவரைச் சேரும். விண்டோஸுக்கும் டோக்கான், வின்எஃப்எஸ்பி என்று இதே வகை ஏற்பாடுகள் உண்டு.

எங்கள் பள்ளியில் ஆறாண்டு மதிப்பெண்கள் ஒரே நீண்ட கோப்பில் கிடந்தன. மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பாகக் காட்டினால் ஆசிரியர்களுக்கு எளிது என்று ஒரு நிரல் எழுதினோம். முதலில் எழுத வேண்டியது, "இப்பெயரில் கோப்பு உண்டா? அளவு என்ன?" என்ற கேள்விக்குரிய பதில். எதைத் திறந்தாலும் கெர்னல் முதலில் அதைத்தான் கேட்கும். அடுத்தது, அடைவில் உள்ள பெயர்ப்பட்டியல். பிறகுதான் படித்துக் கொடுப்பது.

நாங்கள் அளவைப் பூச்சியம் என்று விட்டுவிட்டோம். பெயர்கள் எல்லாம் அழகாகத் தெரிந்தன. திறந்தால் ஒவ்வொன்றும் வெறுமை! அளவு பூச்சியம் என்று நாமே சொன்ன பிறகு கெர்னல் எதைக் கொடுக்கும்? இன்னொரு பிழையும் செய்தோம். பெரிய கோப்பைக் கெர்னல் துண்டு துண்டாக, "இத்தனையாவது எழுத்திலிருந்து கொடு" என்று கேட்கும். அந்த எண்ணைக் கவனியாமல் தொடக்கத்தையே கொடுத்ததால், முதல் பகுதியே மறுபடியும் மறுபடியும் வந்தது.

வேகம் சற்றுக் குறையும். ஒவ்வொரு கேள்வியும் வெளியே வந்து திரும்ப வேண்டுமல்லவா? ஆகையால் கோப்பின் அளவு போன்ற பதில்களைக் கெர்னல் சிறிது நேரம், வழக்கமாக ஒரு விநாடி, நினைவில் வைத்துக்கொள்ளும். நாமே ஏற்றிய அடைவைப் பிறர் பார்க்க முடியாது. தனி அனுமதி தராவிட்டால் கணினியின் தலைமைப் பயனரும் பார்க்க முடியாது. நல்ல காவல்தான்.

படிக்க மட்டும் வைத்திருந்தவரை கவலை இல்லை. எழுதவும் இடம் கொடுத்ததுதான் எங்கள் அவசரம். வந்த மதிப்பெண்ணை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வட்டில் எழுதுமுன்பே "எழுதியாயிற்று" என்று எங்கள் நிரல் பதில் சொல்லிவிட்டது. ஒரு நாள் மதியம் நிரல் செத்துவிட்டது. கணினியில் வேறு எதுவும் நிற்கவில்லை. அடைவைத் தொட்டால் மட்டும், மறுமுனையில் யாருமில்லை என்ற பிழைச்செய்தி வந்தது. இணைப்பைக் கழற்றி மறுபடி ஏற்றினோம். ஆறாண்டுக் கணக்கு அப்படியே இருந்தது. அன்று காலை ஓர் ஆசிரியை உட்கார்ந்து பதிந்த மதிப்பெண்கள் மட்டும் இல்லை.

விடைத்தாள்களை அவர் இன்னும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. அவற்றைப் பார்த்து மறுநாள் நாங்களே பதிந்தோம். அதன் பிறகு, வட்டில் எழுதி முடித்த பின்பே பதில் போகும்படி நிரலை மாற்றினோம்.